பின்பக்கம் பார்த்தவர்

எந்தப் படத்தையும் அவர் முதலில் திருப்பித்தான் பார்ப்பார். படம் மட்டும் என்றில்லை. என் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது, காபி குடித்து முடித்ததும் கோப்பையைக் கவிழ்த்து அடியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படித்தார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டார். சோபாவுக்குப் பின்னால் குனிந்து ஆணி அடித்திருக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு, "ஏமாத்திப்புட்டான் சார்" என்றார். யார் ஏமாற்றினான், எதில் ஏமாற்றினான் என்று விளக்கவில்லை. அந்த சோபாவில் அதற்குப் பிறகு நான் நிம்மதியாகச் சாய்ந்ததில்லை.

அவர் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. கொடைக்கானலில் நாங்கள் ஒரே சரிவில் குடியிருந்தோம். அவர் வீடு மேலே, என்னுடையது கீழே. அந்த வீட்டை இப்போது பெங்களூர்க்காரர் ஒருவர் வாங்கி, ஆரஞ்சு வண்ணம் அடித்து, யாராலும் உச்சரிக்க முடியாத பெயர் ஒன்றை வைத்திருக்கிறார்.

அவருக்குச் சொந்த ஊர் பாலசமுத்திரம். பழனி அடிவாரத்தில் அவர் குடும்பத்துக்குச் சாமி படக் கடை இருந்தது. மலையிறங்கி வருகிறவர்கள் வாங்கிப் போகும் ராஜ அலங்காரமும் ஆண்டிக் கோலமும் கண்ணாடி போட்டு, ஓரத்தில் ஜிகினா ஒட்டி, வரிசையாகத் தொங்கும் கடை. சட்டம் அடித்தே வளர்ந்தவர். "முகத்த கஸ்டமர் பாத்துக்குவாரு சார். ஆணியையும் அட்டையையும் நாமதான் பாக்கணும்" என்பார். பங்காளிச் சண்டையில் கடை கைவிட்டுப் போனதும் மலைக்கு வந்து வீடு கட்டினார். தானும் மனைவியும் மகளும் ஒரு பக்கம் இருந்துகொண்டு, மறுபக்கத்து அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார்.

அந்த அறைகளின் சுவர்களுக்குத்தான் படம் தேவைப்பட்டது. முருகனை விற்றுப் பிழைத்த மனிதர் ஏன் நவீன அரூப ஓவியங்களைத் தேடிப் போனார் என்று எனக்கு வியப்பு. கேட்டேன்.

"சாமி படம் மாட்டுனா வெளக்கேத்தணும், பூப் போடணும் சார். ரூமுக்கு வர்றவன் பாட்டிலோட வருவான், கறி திம்பான். அந்தப் பாவம் நமக்கெதுக்கு? இதுக்கு ஒண்ணும் வேண்டாம் பாருங்க. அது பாட்டுக்குத் தொங்கும்."

நவீன ஓவியத்துக்கு இதைவிடச் சுருக்கமான பாராட்டுரையை நான் எங்கும் படித்ததில்லை.

ஆனால் வாங்குவதில் அவர் காட்டிய சிரத்தை சாதாரணமானதல்ல. வேலைக்காலம் முழுவதையும் அரசுக் கொள்முதல் பிரிவில் கழித்தவன் நான். ஒரு மேசையை வாங்க எத்தனை டெண்டர் உறை பிரிக்க வேண்டும், எந்த உறையை எதற்கு முன்னால் பிரித்தால் வழக்கு வரும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவரைப் பார்த்தபோது, இந்த மனிதர் தவறிப்போய் வெளியே பிறந்துவிட்டார், இவர் எங்கள் அலுவலகத்தில் பிறந்திருக்க வேண்டியவர் என்று நினைத்தேன். வெளிநாட்டில் உள்ள அச்சகங்களுக்கு எழுதுவார். காகிதம் பருத்தியா, மரக்கூழா? அமிலம் கலந்ததா, இல்லையா? மை சாயமா, நிறமியா? எத்தனை பிரதி அச்சிட்டார்கள், தனக்கு வருவது எத்தனையாவது? பின்னால் முத்திரை உண்டா, சான்றிதழில் கையெழுத்து மையில் போட்டதா, அச்சில் போட்டதா? இவ்வளவுக்கும் பதில் வந்த பிறகுதான், படத்தில் என்ன இருக்கிறது என்ற பேச்சே வரும். பெரும்பாலும் அந்தப் பேச்சு வராது.

"மியூசியம் குவாலிட்டி சார்" என்பார். அந்த இரண்டு சொற்களையும் திருநீறு கொடுக்கிற மாதிரி மூன்று விரலைக் குவித்துச் சொல்வார்.

ஒருமுறை சென்னைச் சுங்கத்தில் பார்சலை நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருப்பது அச்சுப் பிரதியா, அசல் ஓவியமா என்று கேட்டு ஒரு கேள்வி. அவர் கொந்தளித்துப் போய் என் வீட்டுக்கு வந்தார்.

"பிரிண்ட்டுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. அதப் போயி பெயின்டிங்கான்னு கேக்குறான் சார். என்ன கொழுப்பு!"

"பெயின்டிங் என்றால் உசத்திதானே?" என்றேன்.

"எப்படி சார் உசத்தி? ஒருத்தன் ஒக்காந்து கையால பூசுனது. அன்னிக்கு அவனுக்கு என்ன தலைவலியோ. இது அப்படியா? பத்துப் பேரு செக் பண்ணி, நம்பர் போட்டு, சீல் வச்சு அனுப்புறது."

அவருக்குப் பதில் மனு எழுதிக் கொடுத்தேன். அசல் என்று சந்தேகிக்கப்பட்டதால் மனுதாரருக்கு ஏற்பட்ட மன உளைச்சலைக் குறிப்பிடச் சொன்னார். குறிப்பிடவில்லை. பார்சல் வந்து சேர்ந்தது.

வந்ததும் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு பிரிப்பார். யாரையும் கிட்டே விடமாட்டார். மூச்சுக் காற்று படக்கூடாது என்று வாயில் துண்டு கட்டிக்கொள்வார். பிரித்து, திருப்பி, முத்திரையை எண்ணோடு ஒப்பிட்டு, சட்டம் போட்டு மாட்டி முடித்ததும், பழைய கடைப் பழக்கத்தில் கண்ணாடியின் மூலையில் ஒரு சொட்டு சந்தனம் வைப்பார். அதைப் பார்த்த விருந்தினர் ஒருவர், அறையில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று இணையத்தில் எழுதிவிட்டுப் போனார்.

பக்கத்து மலைக்கிராமமான கவுஞ்சியிலிருந்து அவர் வீட்டுக்குக் காய்கறி கொண்டுவரும் விவசாயி ஒருவர் உண்டு. கேரட் மூட்டையை இறக்கிவிட்டு ஹாலில் புதிதாகத் தொங்கிய ஒன்றை வெகுநேரம் பார்த்தார். கலங்கிய செம்மண் நிறத்தில் மேலிருந்து கீழே ஒழுகுகிற மாதிரி ஒரு படம்.

"என்னங்க இது, கேரட் கழுவுன தண்ணிய ஊத்துன மாதிரி இருக்கு?"

"ஏலே, அது மியூசியம் குவாலிட்டி."

"இருக்கட்டுங்க. எங்க வாய்க்கால்ல தெனமும் இது ஓடுது. எவனும் கண்ணாடி போடல."

"ஒன் வாய்க்காலுக்குச் சர்டிபிகேட் இருக்கா?"

விவசாயி சிரித்துக்கொண்டே போனார். இவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டிருந்தார்.

எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார். என் மனைவி மருத்துவமனையில் கிடந்த நாட்களில், கேட்காமலே காலையும் மாலையும் தன் ஜீப்பை ஓட்டி வந்து என்னைக் கூட்டிப்போனவர் அவர். அவள் வீடு திரும்பிய அன்று இந்தப் படத்தைக் கொண்டுவந்து தன் கையாலேயே மாட்டினார். மூன்று பட்டைகள்; மேலே சாம்பல், நடுவில் கறுப்பு, கீழே மறுபடி சாம்பல். உடம்பு தேறி வந்த வீட்டுக்கு இது எதற்கு என்று மனைவி முனகினாள். அவரோ மாதம் ஒருமுறை வந்து படத்தின் பின்னால் கைவிட்டு ஈரம் பார்த்துவிட்டுப் போவார். என் நுரையீரலைப் பற்றி என் மகன்கூட அவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை.

ஈரம்தான் அவருடைய பகை. மழைக்காலத்தில் எங்கள் சரிவில் சுவர்கள் வியர்க்கும். துணி காயாது, உப்பு கட்டும், தோல் செருப்பில் பச்சை பூக்கும். அவர் வீட்டு ஹாலில் மேற்குச் சுவர் மண்மேட்டை ஒட்டியது. அதில் தண்ணீர் கோடு கோடாக இறங்கும். அந்தச் சுவரில் மாட்டிய முதல் பிரதியில் ஒரு மழைக்காலத்திலேயே கறுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தார். துக்கம் கேட்கிற மாதிரி நானும் போய் உட்கார்ந்தேன். புள்ளிகளில் எது ஓவியர் வைத்தது, எது பூஞ்சணம் வைத்தது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அதைச் சொல்லவில்லை.

அவருக்கு ஒரே மகள். ஓவியம் படிக்கச் சென்னைக்குப் போனவள். போக வேண்டாம் என்று அவர் தடுக்கவில்லை; கல்லூரிக்கு அரசு அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் என்னிடம் விசாரிக்கச் சொன்னார். இருந்தது. அனுப்பினார்.

அவள் படிப்பை முடித்த வருஷம் தாய் இறந்துபோனாள். மகள் வந்து சில மாதங்கள் இங்கேயே தங்கினாள். அம்மாவின் அறையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பனி உள்ளே வர வர, ஒரு பெரிய கான்வாஸில் வேலை செய்தாள். முடிந்ததும் என்னையும் கூப்பிட்டாள். படங்களைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கில்லை. முழுக்க வெண்மைதான், ஆனால் பார்க்கப் பார்க்க உள்ளே யாரோ இருந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. கட்டிலை எடுத்த பிறகு தரையில் தெரியும் இடம் போல. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

அவர் வந்தார். வழக்கம்போலக் கான்வாஸைச் சுவரிலிருந்து முன்னால் சாய்த்துப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"பின்னால ஒண்ணுமே இல்லையே பாப்பா."

"பின்னால என்னப்பா இருக்கணும்?"

"இது யாரு போட்டதுன்னு எப்படித் தெரியும்?"

"நான்தானே போட்டேன். ஒங்க எதுத்தாப்புல நிக்கிறேனே."

"நீ சொன்னா ஆச்சா?"

கிண்டல் இல்லை. அவருக்கு அது நியாயமான கேள்வி. நானும் சிரிக்க முடியாத நிலையில் இருந்தேன். ஆண்டுதோறும் கருவூலத்துக்கு நேரில் போய் நின்று, உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுத்துவிட்டு ஓய்வூதியம் வாங்குகிறவன் நான். எதிரில் நிற்பது போதாது என்பது எனக்குத் தெரிந்த நடைமுறைதான்.

"ஹால்ல மாட்டலாமாப்பா?" என்று அவள் கேட்டாள்.

"பாப்போம்" என்றார்.

கான்வாஸை அம்மாவின் அறையில் பீரோவுக்கு மேல் வைத்துவிட்டு அவள் சென்னைக்குத் திரும்பினாள். ஒவ்வொரு முறை என்னோடு தொலைபேசியில் பேசும்போதும், சுற்றி வளைத்துக் கடைசியில் அங்கே வந்து நிற்பாள். "அங்கிள், அப்பா அத மாட்டிட்டாரா?" இல்லையம்மா என்று சொல்வேன். "சும்மாதான் கேட்டேன்" என்பாள். அவளுடைய சிறிய படங்கள் இரண்டொன்று விற்றதாகவும் சொன்னாள். அதை அவளுடைய அப்பாவிடம் சொன்னேன். "ரசீது குடுத்தாங்களாமா?" என்றார்.

இப்படி இருக்கையில் ஒரு ஐப்பசியில், நான் குளிருக்குப் பயந்து மதுரையில் மகன் வீட்டில் இருந்தபோது, அவள் அழைத்தாள். குரலே வேறாக இருந்தது.

"அங்கிள், அப்பா போன் பண்ணாரு. என் படத்தப் பத்திக் கேட்டாரு!"

"என்ன கேட்டார்?"

"கான்வாஸ் காட்டனா, பாலியஸ்டரான்னு. மேல பூசியிருக்கிறது தண்ணிக்கு நிக்குமான்னு. எவ்வளவு அகலம்னு. எல்லாம் கேட்டாரு. நல்ல காட்டன்ப்பா, இருக்கிறதுலயே ஒசந்ததுன்னு சொன்னேன். 'அமிலம் இல்லையே?'ன்னாரு. இல்லப்பான்னேன். 'சரி பாப்பா, ரொம்ப நல்லது'ன்னாரு. அங்கிள், அவரு இதுவரைக்கும் என்கிட்ட ரொம்ப நல்லதுன்னு சொன்னதே இல்ல."

எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. டெண்டரில் முதலில் பிரிக்கும் தொழில்நுட்ப உறையைப் பிரித்துவிட்டார், இனி மாட்டிவிடுவார் என்று சொன்னேன். இருவரும் சிரித்தோம்.

தை பிறந்து நான் மலைக்குத் திரும்பினேன். அதே வாரம் அவளும் வந்தாள். சென்னையில் ஒரு காட்சிக்கூடம் அவளுடைய முதல் தனிக் கண்காட்சிக்கு இடம் கொடுத்திருந்தது. அவள் கைப்பேசியில் வைத்திருந்த புகைப்படங்களைப் பார்த்துவிட்டு, அந்த வெள்ளைப் படம் இருந்தால்தான் கண்காட்சி, அதுதான் நடுச்சுவருக்கு என்று சொல்லிவிட்டார்களாம். எடுத்துப்போக வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அனுப்பும் காகிதங்களைச் சரிபார்க்க என்னை வரச் சொன்னாள். இப்படிப்பட்ட வேலைக்கு என்னைவிட்டால் ஆளில்லை என்பது உண்மைதான்.

நான் போனபோது அவள் அம்மாவின் அறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தாள்.

"பீரோ மேல இல்லையேப்பா?"

"பத்திரமா இருக்கு பாப்பா. வெள்ளனே கெளம்பி வந்திருக்க, மொதல்ல சாப்புடு."

"மாட்டியிருக்கீங்களா?"

"சாப்புடுங்கறேன்ல."

அவள் ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். மேற்குச் சுவரில் புதிதாக ஒரு பிரம்மாண்டமான பிரதி தொங்கியது. அடர்நீலம், நடுவில் ஒரு வெள்ளைச் சதுரம். அதுவரை அவர் வாங்கியதிலேயே பெரியது.

அவளால் சாப்பிட முடியவில்லை. பாதியில் எழுந்து கை கழுவினாள். அவர் சட்டம் போடும் தச்சருக்கு ஆளனுப்பியிருந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பத்துப் பிள்ளை அந்தத் தச்சர். எங்கள் சரிவில் எல்லா வீட்டுக் கதவும் அவர் கைபட்டதுதான். அவர் வந்ததும் இவர் கையுறைகளை மாட்டிக்கொண்டார். சாப்பாட்டு மேசையில் கம்பளிப் போர்வையை விரித்தார். இருவருமாக நீலப் பிரதியைச் சுவரிலிருந்து இறக்கி, மெதுவாக, கண்ணாடி கீழே இருக்கும்படி போர்வைமேல் கவிழ்த்தார்கள்.

அதன் முதுகில் அவளுடைய படம் இருந்தது. மரச்சட்டத்திலிருந்து உரித்து, வண்ணம் பூசிய பக்கம் சுவரைப் பார்க்க, சுற்றிலும் நெருக்கமாக ஆணி அடித்து இறுக்கியிருந்தார்கள். வெண்மை இருந்த இடமெல்லாம் கறுப்பும் பச்சையுமாகப் பூத்திருந்தது. சுவர்ச் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக ஒட்டியிருந்தது.

அவர்தான் முதலில் பேசினார். அவர் முகத்தில் குற்றமே இல்லை, பெருமை இருந்தது.

"பாரு பாப்பா. மழை மொத்தத்தையும் இதுதான் வாங்கியிருக்கு. உள்ள ஒரு பொட்டு போகல. பின்னால தார்ஷீட்டு போடலாம்னாங்க, அதுல அமிலம் இருக்குதாம், பிரிண்ட்ட அரிச்சிரும். அப்பத்தான் ஒனக்குப் போன் போட்டேன்."

"அதுக்கா கேட்டீங்க?"

"பின்ன எதுக்கு?"

அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா ரூம்ல வரைஞ்சதுப்பா அது."

"அதனாலதான எறியல. எங்க கடையில விக்காத படம், கறை விழுந்த படம் எதையும் எறிய மாட்டோம். புதுப் படத்துக்குப் பின்னால வச்சு அடைச்சிருவோம். சாமிக்குப் பின்னால சாமி. எத்தன வீட்டுல எங்க பழைய முருகன் உள்ள இருந்து புது முருகனத் தாங்கிட்டு நிக்கிறாரு தெரியுமா? ஒன்னோடத எறியலையே பாப்பா நான்." அவர் கையுறை போட்ட விரலால் நீலப் படத்தின் சட்டத்தைத் தடவினார். "இப்ப ஒனக்கு வேணும்னா சொல்லு, ஆணியப் புடுங்கித் தரச் சொல்றேன். இங்க வேற ஏதாச்சும் வச்சுக்கலாம்."

நான் என் கையிலிருந்த காகிதங்களைப் பார்த்தேன். படத்தின் தற்போதைய நிலை என்று ஒரு கட்டம் இருந்தது. காகிதங்களை மடித்துப் பையில் வைத்தேன்.

அவள் குனிந்து, இரண்டு கைகளையும் விரித்துக் கான்வாஸை அளப்பதுபோல வைத்துப் பார்த்தாள்.

"இது சின்னதா இருக்கே."

தச்சர்தான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஃபிரேம விடப் பெருசுதானேம்மா அது. சுத்திவர வெட்டத்தான் வேணும்னு ஐயா சொன்னாரு. நான் கேட்டுட்டுத்தான் வெட்டினன்."

"வெட்டுனது எங்க?"

தச்சர் ஜன்னலைப் பார்த்தார். அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். பழைய மரச்சட்ட ஜன்னல். மலையில் எல்லா வீட்டிலும் குளிருக்கு ஜன்னல் சந்தில் துணியோ செய்தித்தாளோ திணித்திருப்பார்கள். இங்கே வெள்ளையாக ஒன்றைப் பட்டை பட்டையாக மடித்து, சட்டம் நெடுகத் திணித்திருந்தது.

அவள் போய் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். அது நீளமாக வந்தது. அந்தப் பட்டையில் ஈரம் ஏறவில்லை. வெண்மை அப்படியே இருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்ததை இழுத்தாள்.

"எடுக்காத பாப்பா, காத்து வரும்" என்றார் அவர்.

அவள் எடுத்துக்கொண்டே இருந்தாள். காற்று வந்தது. நாட்காட்டித் தாள்கள் படபடத்தன; மேசையில் போர்வையின் ஓரம் தூக்கியது. அவர் பதறிப்போய்த் தன் கழுத்திலிருந்த மப்ளரை அவிழ்த்து, கவிழ்ந்து கிடந்த நீலப் படத்தின் விளிம்பைச் சுற்றிப் போர்த்தினார்.